மூன்றரை பவுண்டு

முன்பெல்லாம் பெரிய ரயில்வே ஸ்டேஷன்களில் ஒரு எடை மிஷின் நிற்கும், பார்த்திருப்பீர்கள். கலர் கலராக பல்புகள் மினுக்கும். உள்ளே ஒரு சக்கரம் காரணமில்லாமல் சுற்றும். ஏறி நின்று காசு போட்டால், வயிற்றுக்குள் கடமுடவென்று என்னவோ உருண்டு, கெட்டி அட்டையில் ஒரு டிக்கெட் வந்து விழும். ஒரு பக்கம் உங்கள் எடை. மறு பக்கம் உங்கள் குணம். காலேஜ் நாட்களில் எனக்கு வந்த டிக்கெட்டில் எடை நாற்பத்தெட்டு கிலோ. குணம், ‘நீங்கள் அஞ்சா நெஞ்சர்’. அதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, ஆட்டோக்காரர் கேட்டதைப் பேசாமல் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

எடைக்கும் தைரியத்துக்கும் ஒரே அட்டையில் இடம் கொடுத்த அந்த மிஷின் போன வாரம் ஞாபகத்துக்கு வந்தது. காரணம், ஆபீஸில் என் பக்கத்து சீட் பையன். வயசு இருபத்தாறு. குத்துச்சண்டைப் பைத்தியம். லாஸ் வேகாஸில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். ஊரே இட்லி சாப்பிடும் நேரத்தில், இவன் மட்டும் போனை சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு யார் மூக்கோ உடைவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கும் இந்த வியாதி கொஞ்சம் உண்டு. வயசாகிவிட்டதால் வெளியே சொல்வதில்லை.

லஞ்சில் ஆரம்பித்தான்.

“கனெலோ ஒரு பயந்தாங்கொள்ளி ஸார்.”

“ஏம்ப்பா அப்படிச் சொல்றே?”

“பெனவிடெஸ் வருஷக்கணக்கா வா வான்னு கூப்பிட்டான். இவன் போகவே இல்லையே. கேட்டா, அவன் ரொம்ப வெயிட்டுங்கறான். இதெல்லாம் ஒரு காரணமா ஸார்?”

தயிர்சாதத்தை விழுங்கிக்கொண்டே யோசித்தேன். காரணம்தானா?

வழக்கு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். கனெலோ என்றால் ஸ்பானிஷில் பட்டையின் நிறம். பிரியாணியில் போடுவோமே, அந்தப் பட்டை. தலைமுடி அந்த நிறத்தில் இருப்பதால் வந்த பட்டப்பெயர். முழுப்பெயர் ஸாந்தோஸ் ஸாவுல் ஆல்வரெஸ், மெக்ஸிகோ. 2021 நவம்பரில் 168 பவுண்டு பிரிவின் நான்கு பெரிய பட்டங்களையும் சேர்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். 168 பவுண்டு என்பது நம் கணக்கில் 76 கிலோ சொச்சம். அதே பிரிவில்தான் டேவிட் பெனவிடெஸும் இருந்தார். கனெலோவை விட ஏறக்குறைய அரை அடி உயரம். தோல்வியே அறியாதவர். இரண்டு பேரும் மோத வேண்டும் என்று ரசிகர்கள் கத்தினார்கள். கனெலோ மசியவில்லை. அந்த ஆளிடம் என்னைவிட இருபத்தைந்து பவுண்டு அதிகம் இருக்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை என்கிற மாதிரி சொல்லிவிட்டார். பெனவிடெஸ் பொறுத்துப் பார்த்து, 2024-ல் ஏழு பவுண்டு மேலே, 175 பிரிவுக்குப் போனார். 168-ல் அந்தச் சண்டை நடக்காமலே போயிற்று.

இங்கே உங்களுக்கு நியாயமாக ஒரு சந்தேகம் வர வேண்டும். ஒரே பிரிவு என்றால் ஒரே எடைதானே, நடுவில் இருபத்தைந்து பவுண்டு எங்கிருந்து வந்தது?

அதுதான் இந்தத் தொழிலின் பெரிய வேடிக்கை. எடை போடுவது சண்டைக்கு முந்தின நாள். தராசில் நிற்கிற அந்த ஒரு நிமிஷம் 168 காட்டினால் போதும். அதற்காக இவர்கள் படுகிற பாடு நம் வீட்டுத் துவைக்கும் கல்லில் துணி படுகிற பாடுதான். கடைசி நாட்களில் தண்ணீரைக் குறைப்பார்கள். வெந்நீர்த் தொட்டியில் கிடப்பார்கள். நீராவி அறையில் உட்காருவார்கள். உடம்பு மூச்சுவிட முடியாத பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். எச்சிலைக்கூட விழுங்காமல் ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டே இருப்பார்கள். பிழிந்து கொடியில் போட்ட வேட்டி மாதிரி வந்து தராசில் நிற்பார்கள். இறங்கின மறு நிமிஷம் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர், அப்புறம் சோறு. மறுநாள் ராத்திரிக்குள் பத்து, பதினைந்து பவுண்டு ஏறிவிடும். எலும்பு பெரிசாக இருக்கிறவனுக்கு அதற்கு மேலும் ஏறும். தராசில் இரட்டைப் பிள்ளைகள். மேடையில் ஒருத்தன் அண்ணன், ஒருத்தன் தம்பி.

நம் மேரி கோம் 2018-ல் போலந்து போனபோது, எடை பார்க்க நாலு மணி நேரம் இருக்கையில் இரண்டு கிலோ கூடுதலாக இருந்தார். ஒரு மணி நேரம் கயிறு தாண்டியே குறைத்து, போய் தங்கமும் வாங்கிவந்தார். மல்யுத்தத்தில் வினேஷ் போகட் கதை நமக்கெல்லாம் தெரியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக், இறுதிப் போட்டி நாள் காலை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் பயிற்சி செய்து, முடியைக்கூட வெட்டிப் பார்த்து, கடைசியில் நூறு கிராம் தோற்கடித்தது. அங்கே நூறு கிராம் அதிகம் என்றால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார்கள். தொழில்முறை குத்துச்சண்டையில் அப்படியில்லை. அங்கே வியாபாரம் பேசலாம்.

பேசுகிற அழகைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் லண்டனில் கிறிஸ் யூபாங்க் ஜூனியரும் கானர் பென்னும் 160 பவுண்டில் மோதினார்கள். அப்பாக்கள் இருவரும் 1990-லும் 1993-லும் அடித்துக்கொண்டவர்கள், பரம்பரைப் பகை. பென் இரண்டு பிரிவு கீழேயிருந்து வருகிறவர் என்பதால், எடை போட்ட மறுநாள் காலையிலும் யூபாங்க் தராசில் ஏற வேண்டும், பத்து பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தம். முதல் நாள் தராசில் யூபாங்க் 0.05 பவுண்டு அதிகம். கிராமில் சொன்னால் 23. சின்ன வெங்காயம் இரண்டு. அபராதம் 3,75,000 பவுண்டு. இது எடைப் பவுண்டு இல்லை, இங்கிலாந்து ராணி தலை போட்ட பவுண்டு. வெங்காயம் ஒன்றுக்கு ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேலே ஆகிறது. சண்டையில் யூபாங்க்தான் ஜெயித்தார். ஜெயித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சிரிக்கிற விஷயம் இதோடு சரி.

ஜோயி கமாஷ் என்று ஒருவர். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக்காரர், சின்ன எடைகளில் சாம்பியனாக இருந்தவர். 2000 பிப்ரவரியில் நியூயார்க் மேடிஸன் ஸ்கொயர் கார்டனில் ஆர்ட்டுரோ கட்டியோடு சண்டை. ஒப்பந்த எடை 141 பவுண்டு. முந்தின நாள் கட்டி தராசில் ஏறினார், முள் சரியாக நிற்பதற்குள் இறங்கிவிட்டார் என்று கமாஷ் தரப்பு அப்போதே கூச்சல் போட்டது. காதில் வாங்கவில்லை. மறுநாள் ராத்திரி மேடை ஏறும் முன் டி.வி.க்காரர்கள் தங்கள் தராசில் எடை பார்த்தார்கள். கமாஷ் 145. கட்டி 160. இரண்டு பிரிவு அல்ல, மூன்று பிரிவு தாண்டி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ரவுண்டில் கமாஷ் தரையில் கிடந்தார். மூளையில் காயம். அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவே இல்லை.

மாநில குத்துச்சண்டை கமிஷன்மேல் வழக்குப் போட்டார். தீர்ப்பு வர 2010 ஆயிற்று. எடை போட்டதில் கமிஷன் அசட்டையாக இருந்தது உண்மைதான், ஆனால் அந்த எடை வித்தியாசத்தால்தான் இந்தக் காயம் என்று நிரூபிக்கவில்லை, ஆகையால் நஷ்டஈடு கிடையாது. இதுதான் தீர்ப்பு. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். தலைவலியோடு பத்து வருஷம் காத்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

இதை மறுநாள் பையனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். ஆனால் இருபத்தாறு வயசு அவ்வளவு சுலபமாக மசியுமா?

“அது தப்புத்தான் ஸார். ஆனா சின்ன ஆளுங்க பெரிய ஆளை அடிச்சதே இல்லியா? பாக்கியாவ் என்ன பண்ணான்? உசிக் என்ன பண்ணான்?”

நல்ல கேள்வி. மேனி பாக்கியாவ் பிலிப்பைன்ஸ்காரர். 1995-ல் தொழிலுக்கு வந்தபோது 106 பவுண்டு. 48 கிலோ! என் ரயில்வே டிக்கெட் எடை. உண்மையில் அதற்கும் குறைவாம். பாக்கெட்டில் கனமான சாமான்களைப் போட்டுக்கொண்டு தராசில் ஏறினதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். (நானும் அவரும் ஒரே எடையில்தான் வாழ்க்கையை ஆரம்பித்தோம். அவர் எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வாங்கினார். நான் ஏதோ இருக்கிறேன்.) 2008 டிசம்பரில் இந்த பாக்கியாவை ஆஸ்கர் டி லா ஹோயாவோடு 147 பவுண்டில் மோதவிட்டபோது, இது அநியாயம், சின்னப் பையனைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று பண்டிதர்கள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். டி லா ஹோயா 160 வரை போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தவர். பாக்கியாவ் ஆறு மாசம் முன்புதான் 135-ல் இருந்தார். நடந்தது என்ன? 147-க்கு இறங்குவதற்காகத் தன்னைப் பிழிந்துகொண்ட டி லா ஹோயா, மேடையில் காலி மூட்டை மாதிரி நின்றார். எட்டு ரவுண்டு வாங்கிவிட்டு, ஒன்பதாவதற்கு ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அதோடு தொழிலுக்கே முழுக்கு.

ஒலெக்ஸாண்டர் உசிக்கும் அப்படித்தான். 200 பவுண்டு பிரிவிலிருந்து மேலே வந்தவர். 2024 டிசம்பரில் டைஸன் ஃப்யூரியோடு இரண்டாவது முறை மோதியபோது இவர் 226, அவர் 281. ஐம்பத்தைந்து பவுண்டு வித்தியாசம், அரை சிமெண்ட் மூட்டை. ஆனாலும் இரண்டு சண்டையிலும் உசிக்குக்குத்தான் வெற்றி.

இவர்களுக்கெல்லாம் தாத்தா பில்லி கான். 1941 ஜூன், நியூயார்க். எதிரே ஜோ லூயிஸ். வித்தியாசம் அறிவித்த கணக்கிலேயே இருபத்தைந்து பவுண்டு. நிஜத்தில் கான் இன்னும் லேசானவர், ஜனங்கள் பரிதாபப்பட்டு டிக்கெட் வாங்காமல் இருந்துவிடப் போகிறார்களே என்று எடையைக் கூட்டிச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது கணக்குப் போட்ட மூவரில் இருவரிடம் கான் முன்னால், மூன்றாமவரிடம் சமம். பாக்கி மூன்று ரவுண்டு. தள்ளி நின்று சுற்றிச் சுற்றி வந்திருந்தாலே உலக சாம்பியன். ஆனால் பதின்மூன்றில் லூயிஸை விழவைத்தே தீருவேன் என்று நெருங்கிப் போனார். ரவுண்டு முடிய இரண்டு விநாடி இருக்கும்போது கதை முடிந்தது.

பையன் சொன்ன உதாரணங்கள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொது. சின்ன ஆள் தானாக, தெரிந்தே, கையெழுத்துப் போட்டு மேலே போனான். வித்தியாசம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். அதற்கேற்ற கால் வேகம், மூளை, திட்டம் எல்லாம் மாசக்கணக்கில் தயார் பண்ணிக்கொண்டு போனான். கமாஷுக்கு அப்படியில்லை. அவரிடம் 141 என்று சொல்லி 160-ஐ அனுப்பினார்கள்.

ஆனால் நான் சொல்லவந்த ஆள் இவர்களில் யாரும் இல்லை. டியேகோ கொராலெஸ்.

நெடுநெடுவென்று ஒல்லியான ஆள். 135 பவுண்டு பிரிவில் அந்த உயரம் அதிகம். ரொம்ப நல்லவர் என்று சொல்ல வரவில்லை. மனைவியை அடித்த குற்றத்துக்காகப் பதினாலு மாசம் ஜெயிலில் இருந்தவர். ஆனால் பயந்தாங்கொள்ளி என்று இவரை எவனும் சொல்ல முடியாது. 2001-ல் ஃப்ளாய்ட் மேவெதர் இவரை ஐந்து முறை கீழே தள்ளினார். ஐந்து முறையும் எழுந்தார். மூலையிலிருந்த சொந்தக்காரர்களே சண்டையை நிறுத்தியபோது அவர்கள்மேல் பாய்ந்தார்.

2005 மே 7, லாஸ் வேகாஸ். எதிரே ஹோஸே லூயிஸ் காஸ்டியோ, மெக்ஸிகோ. 135 பவுண்டு. இந்தச் சண்டையைப் பார்க்காதவர்கள் எப்படியாவது தேடிப் பிடித்துப் பாருங்கள். ஒன்பது ரவுண்டு இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு, நகராமல், மாறி மாறி. கண்கள் இரண்டும் வீங்கி கொராலெஸுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். பத்தாவது ரவுண்டு ஆரம்பித்ததும் காஸ்டியோவின் இடது கை அவரைத் தரையில் போட்டது. எழுந்தார். மறுபடி விழுந்தார். மறுபடி எழுந்தார். பல்கவசம் ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து விழ, அதைக் கழுவி மாட்ட சில விநாடிகள் கிடைத்தன. வேண்டுமென்றே துப்பினார் என்று நடுவர் ஒரு பாயிண்ட் வெட்டினார். முடிந்தது என்று எல்லோரும் எழுந்திருக்கிற நேரத்தில் கொராலெஸ் ஒரு வலது கை விட்டார். அப்புறம் இடது. காஸ்டியோ கயிற்றில் சாய்ந்து, கைகள் தொங்க, கண் செருக நின்றார். நடுவர் குறுக்கே பாய்ந்து நிறுத்தினார். இரண்டு தடவை விழுந்தவன் ஜெயித்துவிட்டான்!

இனிமேல்தான் தராசு வருகிறது.

அதே ஆண்டு அக்டோபரில் இரண்டாவது சண்டை. எடை 135. காஸ்டியோ தராசில் ஏறினார். அவர் கோஷ்டியைச் சேர்ந்த ஒருவர் தராசுக்கு அடியில் நைசாகப் பாதத்தை நுழைத்துத் தூக்கப் பார்த்து, கையும் களவுமாக, இல்லை, காலும் களவுமாக மாட்டிக்கொண்டார். நிஜ எடை 138½. மூன்றரை பவுண்டு அதிகம். கிலோவில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே. நம் கண்ணுக்கு ஒரு பூசணிக்காய்த் துண்டு. ஆனால் ஒருவன் கடைசி மூன்றரை பவுண்டை இறக்க உடம்பின் ஈரத்தையெல்லாம் வடித்துவிட்டு நிற்கிறான், மற்றவன் அந்த நரகத்துக்குள் போகாமலே வந்து நிற்கிறான் என்பதுதான் கணக்கு. மூன்றரை பவுண்டு கறி அல்ல அது. ஒரு ராத்திரித் தூக்கம், ஒரு குடம் தண்ணீர், கால்களில் நாலு ரவுண்டுக்கான பலம்.

கொராலெஸ் அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். பட்டம் அவருடையது, தப்பு எதிராளியுடையது. ஆனால் அரங்கம் தயார், டிக்கெட் விற்றாகிவிட்டது, டி.வி. காத்திருக்கிறது. மே மாசம் அவ்வளவு வீரம் காட்டியவன் மூன்றரை பவுண்டுக்குப் பயந்தான் என்று யாராவது சொல்லிவிட்டால்? சரி, ஆடுகிறேன் என்றார். பட்டம் பணயத்தில் இல்லை, வெறும் சண்டை. நாலாவது ரவுண்டில் காஸ்டியோவின் இடது கை வந்து இறங்கியது. இந்த முறை எழுந்திருக்க முடியவில்லை.

2006 ஜூன். மூன்றாவது சண்டை, அதே லாஸ் வேகாஸ், அதே 135. தராசில் காஸ்டியோ 139½. இந்தத் தடவை நாலரை பவுண்டு! இரண்டு கிலோ!

கொராலெஸ் மாட்டேன் என்றுவிட்டார். அவ்வளவுதான். அத்தனை மாசப் பயிற்சியும் வீண், வரவேண்டிய பெரும் பணமும் போயிற்று, சண்டை ரத்து. வந்து இறங்கிய ரசிகர்கள் திரும்பிப் போனார்கள்.

பையனிடம் இங்கே நிறுத்திக் கேட்டேன். “இதுல எந்தத் தடவை அவர் பயந்தாரு, சொல்லு.”

கொஞ்சம் யோசித்தான். “ரெண்டாவது தடவை ஸார். நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயந்துதானே ஒத்துக்கிட்டான்.”

நான் எதிர்பார்க்கவில்லை. இருபத்தாறு வயசுக்காரர்களை நாம் குறைத்து எடைபோடுகிறோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் கொராலெஸுக்குச் சிலை வைத்துவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் வாழ்க்கை கதாசிரியர் பேச்சைக் கேட்பதில்லை. நாலே மாசம் கழித்து, 2006 அக்டோபரில், கொராலெஸ் தன் பட்டத்தை வைத்து கியூபாக்காரர் ஹோயல் காஸமாயோரோடு மோத வேண்டும். முந்தின நாள் தராசில் ஏறினார். எடை அதிகம்! யார் அதிகம்? கொராலெஸ்! பட்டம் தராசிலேயே போயிற்று. இப்போது மாட்டேன் என்று சொல்கிற உரிமை காஸமாயோருக்கு. அவர் சொல்லவில்லை. ஆடினார், நூலிழையில் ஜெயித்தும்விட்டார். அந்த நெட்டை உடம்பு 135-க்குள் அடங்க மறுத்து ரொம்ப நாளாகியிருந்தது போலிருக்கிறது. ஏமாற்றுகிறவன் மட்டும்தான் தராசில் தோற்கிறான் என்றில்லை. வயசு ஏறுகிறவனும் தோற்கிறான்.

2007 மே 7. காஸ்டியோவை அந்தப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி சரியாக இரண்டு வருஷம் கழித்து, அதே தேதியில், அதே லாஸ் வேகாஸில், மோட்டார் சைக்கிள் விபத்தில் கொராலெஸ் செத்துப்போனார். வயசு 29.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பையன்தான் விடாமல் பிடித்தான்.

“அப்ப கனெலோ சொன்னது நியாயம்தானா ஸார்?”

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. கொராலெஸ் மறுத்தது, எழுதிக் கையெழுத்துப் போட்ட எடையை எதிராளி மீறினபோது. பெனவிடெஸ் விஷயம் அப்படியில்லை. அவர் யோக்கியசிகாமணி என்று சொல்லவில்லை. 2020-ல் அவரும் ஒரு தடவை தராசில் தவறிப் பட்டத்தை இழந்தவர்தான். ஆனால் அப்புறம் ஒழுங்காக 168-க்குள் வந்து நின்றார். மறுநாள் அவர் எவ்வளவு ஏறுகிறார் என்பது விதிப்படி அவர் பாடு. அவர் ரொம்பப் பெரிசு என்று தோன்றினால், யூபாங்க் சண்டையில் போட்ட மாதிரி, மறுநாளும் தராசு வை என்று கேட்டிருக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் ஆடாமலே இருக்கலாம். அதுவும் அவர் உரிமைதான். அடி வாங்குவது அவர் தலை, என் தலையோ பையன் தலையோ இல்லை. ஆனால் 168 பவுண்டுக்குள் இருக்கிற எல்லோருக்கும் நானே ராஜா என்று இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு, அந்த 168-ல் ஒருத்தன் மட்டும் எனக்கு ரொம்பப் பெரிசு என்றால், அப்புறம் ராஜா என்ன ராஜா? பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.

இத்தனைக்கும் ஆள் கோழை இல்லை. 2019-ல் 175-க்குப் போய் ஸெர்கே கோவலெவை விழவைத்தவர். 2022-ல் மறுபடி போய் டிமிட்ரி பிவோலிடம் தோற்றவர். கூடவே இதையும் பாருங்கள். 2016-ல் 147-ல் சண்டை போட்டுக்கொண்டிருந்த அமீர் கானை 155-க்கு வரவழைத்து, ஆறாவது ரவுண்டில் ஒரே வலது கையில் மல்லாக்கப் படுக்கவைத்தார். அப்போது கையிலிருந்தது 160 பவுண்டு பட்டம். அந்த 160-ல் கொலொவ்கின் என்கிற புலி காத்துக்கொண்டிருந்தது. சில நாட்களிலேயே பட்டத்தை விட்டுக்கொடுத்தார். புலியோடு மோதியது அடுத்த வருஷம் செப்டம்பரில். மேலேயிருந்து ஒருத்தன் இறங்கினால் எடை அநியாயம், கீழேயிருந்து ஒருத்தன் ஏறி வந்தால் எடை வெறும் நம்பர்! வாடகைக்கு இருக்கும்போது ஒரு நியாயம், வீட்டுக்காரனானதும் ஒரு நியாயம் என்று நாம் மாறிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

கீழேயிருந்து வந்த ஒருத்தரே கடைசியில் கணக்கையும் தீர்த்தார். 2025 செப்டம்பர் 13, லாஸ் வேகாஸ், எழுபதாயிரம் பேர். டெரன்ஸ் க்ராஃபோர்ட். 2014-ல் 135 பவுண்டில் முதல் பட்டம் வாங்கியவர். கனெலோவுக்காக 168-க்கு வந்தார். மூன்று நடுவர்களும் க்ராஃபோர்டுக்கே எழுதினார்கள். நாலு பட்டமும் கைமாறின. பெனவிடெஸிடம் போய்விடக் கூடாது என்று அத்தனை வருஷம் பொத்திவைத்த பட்டங்கள். ஜெயித்த கொஞ்ச நாளில் க்ராஃபோர்ட் ஓய்வே பெற்றுவிட்டார்.

“நீங்க என்ன வெயிட் ஸார்?” என்றான் பையன், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.

“எழுபத்தொம்பது கிலோ.”

மனசுக்குள் பெருக்கினான். “நூத்தி எழுபத்தஞ்சுக்குக் கிட்டத்தட்ட வருது. லைட் ஹெவி ஸார் நீங்க! பெனவிடெஸ் மேலே போனானே, அதே பிரிவு.”

பாக்கியிருந்த உருளைக்கிழங்கு வறுவலை அவன் பக்கம் தள்ளினேன்.